கூண்டைத் திறக்க ஒரு நிமிஷம், காட்டில் வாழவைக்க நாற்பது வருஷம்

(பொதுமக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறவங்க ஒரு நிமிஷம் 'மொரீசியஸ் ரூபாய் நோட்டு' என்று தேடிப் பாருங்க. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நோட்டின் மதிப்பு தமிழ் எழுத்திலும் இருக்கும். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிற சின்னத் தீவு அது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து நம்ம ஆட்கள் கைவினைஞர்களாகப் போனார்கள். பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில், 1834 முதல், கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகப் போனார்கள். இன்றைக்கும் அங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு.

நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த மனிதர்களைப் பற்றி இல்லை, அதே தீவின் பறவைகளைப் பற்றி. அழிந்தே போச்சு என்று உலகம் கைவிட்ட பறவைகளைக் கூண்டில் வளர்த்து, திரும்பவும் காட்டில் விட்டார்கள். அது எப்படி நடந்தது, என்ன செலவானது, இன்னும் ஏன் முடியவில்லை என்பதுதான் விஷயம். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நாலே நாலு வல்லூறு

மொரீசியஸ் என்றதும் படித்தவர்களுக்கு டோடோ ஞாபகம் வரும். பறக்கத் தெரியாத பெரிய பறவை. பறவையியலார் பரவலாக ஏற்கும் கடைசிப் பதிவு 1662-இல். அதன்பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. டோடோவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் வந்த பிறகு அந்தத் தீவின் சொந்தப் பறவைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

1974-இல் மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறு காட்டில் மொத்தம் நான்குதான் இருப்பதாகத் தெரிந்தது. அதில் முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. அப்போது உலகத்தின் மிக அரிய பறவை இதுதான் என்றார்கள்.

ஏன் இப்படி ஆச்சு? முதல் காரணம் காடு. கரும்புக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காட்டை அழித்ததில், நல்ல நிலையில் இருக்கிற சொந்தக் காடு இன்றைக்குத் தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாவது, கப்பலில் வந்த விலங்குகள். எலி, பூனை, குரங்கு, கீரி என்று எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. ஆயிரமாயிரம் ஆண்டுகள் இந்த விலங்குகளையே பார்க்காமல் வாழ்ந்த பறவைகளுக்குக் கூட்டை ஒளிக்கவும் தெரியாது, தப்பிக்கவும் தெரியாது. மூன்றாவது, மலேரியாக் கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. மருந்து. பூச்சியைப் பல்லி தின்னும், பல்லியை வல்லூறு தின்னும். நஞ்சு அப்படியே ஏறிப்போய் இனப்பெருக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று கருதப்படுகிறது. கொசுவை ஒழித்ததில் மனிதருக்கு நன்மைதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

மூடச் சொல்லி அனுப்பிய வேலை

1979-இல் கார்ல் ஜோன்ஸ் என்கிற இருபத்துநாலு இருபத்தைந்து வயது இளைஞர் வேல்ஸ் நாட்டிலிருந்து மொரீசியஸுக்கு வந்தார். கூண்டில் வைத்து வல்லூறுகளைப் பெருக்கும் முயற்சி 1973-இலேயே தொடங்கி, பலன் தராமல் நொண்டிக்கொண்டிருந்தது. திட்டத்தைப் படிப்படியாக மூடி, உள்ளூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வா என்றுதான் அவரை அனுப்பினார்கள். அவர் மூடவில்லை.

அவர் கையாண்ட முதல் வழி நம்ம கிராமத்தில் கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். முட்டையை எடுத்துவிட்டால் கோழி மறுபடியும் முட்டையிடும். வல்லூறும் அப்படித்தான். முதல் ஈட்டு முட்டைகளைப் பாறைப் பொந்திலிருந்து கவனமாக எடுத்து, இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்க வைத்தார்கள். தாய்ப்பறவை இரண்டாவது ஈடு முட்டையிட்டு அதைத் தானே அடைகாத்து வளர்க்கும். ஒரு பருவத்தில் ஒரு குடும்பத்துக்குப் பதிலாக இரண்டு குடும்பம். முட்டை எடுத்த பறவை சோர்ந்துபோகாமல் இருக்க, காட்டிலேயே அதற்கு வெள்ளெலியைக் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சைக் கையால் ஊட்டி வளர்ப்பதுகூட எளிது. கஷ்டமே அதற்குப் பிறகுதான். கூண்டுப் பறவைக்கு வேட்டை தெரியாது, வழி தெரியாது. அதனால் இறக்கை முளைக்கும் தறுவாயில் குஞ்சுகளைக் காட்டுக்குள் ஒரு பெட்டியில் கொண்டுபோய் வைப்பார்கள். பெட்டியைத் திறந்துவிட்ட பிறகும் அங்கேயே தினமும் இரை வைப்பார்கள். குஞ்சு பறந்து பழகும், பசித்தால் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பல்லி பிடிக்கக் கற்றுக்கொள்ளும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு வராது. அன்றைக்குத்தான் அது காட்டுப் பறவை. சில குஞ்சுகளைக் காட்டிலிருக்கும் வல்லூறு இணைகளின் கூட்டிலேயே வைத்து வளர்ப்புப் பிள்ளையாகவும் ஆக்கினார்கள்.

பத்து வருஷங்களில், 1994 வரை, இப்படி 331 வல்லூறுகளைக் காட்டில் சேர்த்தார்கள். நான்காக இருந்த இனம் நூற்றுக்கணக்கில் பெருகியது.

இங்கே கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். பெரும்பாலான செய்திகளும் இந்த இடத்தோடுதான் முடியும். ஆனால் மிச்சக் கதை இனிமேல்தான்.

விட்ட பிறகு யார் பார்ப்பது?

வல்லூறுகள் பெருகியதும், இனி கவலையில்லை என்று தீவிரப் பராமரிப்பு 1994-ஓடு குறைக்கப்பட்டது. தீவில் மூன்று மலைப்பகுதிகளில் அவை குடியேறியிருந்தன. அவற்றில் வடக்கே மோக்கா மலைத்தொடரில் இருந்த கூட்டம் பிறகு முழுவதுமாக மறைந்துபோனது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஆபத்து குறைந்த பிரிவுக்கு முன்னேறியிருந்த இந்தப் பறவையை, 2014-இல் மறுபடியும் 'அருகிய இனம்' என்ற பிரிவுக்கே இறக்க வேண்டியதாயிற்று. பறவை பெருகியது, காடு பெருகவில்லை. கீரியும் பூனையும் குறையவில்லை.

இளஞ்சிவப்புப் புறாவின் கதை இதைவிட இழுபறி. 1990-ஐ ஒட்டிக் காட்டில் மிஞ்சியவை சுமார் பத்து. அவை கூடு கட்டியது சொந்த மரத்தில்கூட இல்லை, ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட ஊசியிலை மரத் தோப்பு ஒன்றில். அங்கேதான் ஒதுங்கியிருந்தன. கூண்டிலே வளர்ந்த இந்தப் புறாக்களில் பல நல்ல பெற்றோர் இல்லை. அதனால் முட்டைகளை வளர்ப்பு மணிப்புறாக்களிடம் அடைகாக்கக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் மாடியில் புறா வளர்க்கிறவங்களுக்குத் தெரியும், புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப்பையிலிருந்து ஒரு பாலை ஊட்டும். அந்தப் பாலுக்கு இணையாக மனிதன் எதைக் கரைத்துக் கொடுத்தாலும் போதாது. ஆகவே அந்த வேலையை இன்னொரு புறாவிடமே விட்டார்கள்.

1987 முதல் இந்தப் புறாக்களைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். இன்று ஏறக்குறைய ஐந்நூறு இருக்கின்றன. 2018-இல் சிவப்புப் பட்டியலில் 'அருகிய' நிலையிலிருந்து ஒரு படி மேலே வந்தது. ஆனால் காட்டில் இன்றும் அவற்றுக்குக் கோதுமையும் சோளமும் வைக்கிறார்கள். மற்ற பறவைகள் வந்து தின்றுவிடாதபடி தனி அமைப்போடு தீனித் தட்டு இருக்கிறது. எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். குஞ்சுகளைத் தாக்கும் தொண்டை நோயைக் கவனிக்கிறார்கள். புறாக்களின் காலில் வண்ண வளையங்கள் போட்டிருக்கிறார்கள். எந்த வண்ணம் எந்த வரிசையில் என்பதுதான் அந்தப் புறாவின் அடையாளம். நமக்கு ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. யார் யாரோடு ஜோடி, எத்தனை குஞ்சு, கடைசியாக எப்போது கண்ணில் பட்டது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். பதிவு இல்லாமல் பாதுகாப்பு இல்லை. இது அரசு சேவைக்கும் பொருந்தும், புறாவுக்கும் பொருந்தும்.

அவ்வளவு பார்த்தும் இன்னொரு சிக்கல். எல்லாமே ஒரு கைப்பிடிப் பறவைகளின் வாரிசு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்வதால் இனம் உள்ளுக்குள் பலவீனமாகிறது. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களில் வளரும் இளஞ்சிவப்புப் புறாக்களிடமிருந்து புது ரத்தம் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் இந்த இனம் இன்னும் 50 முதல் 100 ஆண்டுகளில் அழிந்துவிட வாய்ப்பு அதிகம் என்று எச்சரித்தது. எண்ணிக்கை கூடியது உண்மை. ஆபத்து போகவில்லை என்பதும் உண்மை.

தீவுக்குள் ஒரு தீவு

பெரிய தீவில் எலியை முழுக்க ஒழிப்பது நடக்காத காரியம். அதனால் ஒரு சின்னத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். தென்கிழக்கே மயேபூர் ஊருக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், சுமார் 26 ஹெக்டேரில் ஒரு பவளப்பாறைத் தீவு இருக்கிறது. நம்ம கணக்கில் சுமார் 64 ஏக்கர். அதன் பிரெஞ்சுப் பெயருக்குக் கொக்குகளின் தீவு என்று பொருள். நாமும் கொக்குத் தீவு என்றே சொல்வோம்.

1965-இல் இது இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்து எலி ஓடிவிடாது. மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை பொறுப்பேற்ற பிறகு, வெளியிலிருந்து வந்து மண்டியிருந்த செடிகளைக் கையாலேயே களைந்தார்கள். கருங்காலி முதலான சொந்த மரங்களின் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். 1991-இல் எலிகளை முழுவதுமாக ஒழித்தார்கள். அதற்குப் பிறகுதான், 1994-இல், இளஞ்சிவப்புப் புறாக்களை அங்கே விட்டார்கள். இந்த வரிசையைக் கவனியுங்க. முதலில் வீட்டைச் சரிபண்ணினார்கள், அதன்பிறகு குடித்தனம் வைத்தார்கள்.

அடுத்து மொரீசியஸ் ஃபோடி. ஆண் பறவைக்குத் தலை சிவப்பு, நம்ம தூக்கணாங்குருவியின் உறவு. பெரிய தீவில் அதன் கூடுகளை எலியும் குரங்கும் விடுவதே இல்லை. எப்படியும் அழியப்போகிற கூடுகளிலிருந்து முட்டையையும் குஞ்சையும் எடுத்து வந்து கையால் வளர்த்து, 2003 முதல் கொக்குத் தீவில் விட்டார்கள். அங்கே அவை கூடு கட்டின, பெருகின.

பறவையோடு நிறுத்தவில்லை. அந்தத் தீவின் மரங்களுக்கு விதை பரப்பிய பெரிய ஆமைகள் எப்போதோ அழிந்துபோயின. அந்த வேலைக்கு ஆள் வேண்டுமே என்று அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமை தின்று வெளியேற்றிய கருங்காலி விதைகள் தாய்மரத்தை விட்டுத் தள்ளிப்போய் முளைத்தன. காட்டைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் இத்தனையும் சேர்த்துத்தான்.

ஒரு கப்பல் போதும்

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் கொக்குத் தீவுக்குப் பக்கத்திலேயே பவளப்பாறையில் மோதி நின்றது. ஆகஸ்ட் 6-இல் அதிலிருந்து எரிஎண்ணெய் கசியத் தொடங்கி, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. தீவின் கரை கறுத்தது. முப்பது வருஷ உழைப்பு, ஒரு கப்பலின் வழி தவறியதில் கைவிட்டுப் போகும் நிலை.

அப்போது அங்கிருந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரும்புத் தோகையைத் துணியில் திணித்து, தைத்து, நீளநீளமான மிதவைகள் செய்தார்கள். எண்ணெய் கரைக்கு வராமல் கடலில் அணை கட்டினார்கள். வயசானவர், பள்ளிப் பிள்ளைகள், மீனவர் எல்லாரும் மயேபூர் கடற்கரையில் உட்கார்ந்து தோகை திணித்தார்கள். எந்தக் கரும்புக்காகக் காடு அழிந்ததோ, அந்தக் கரும்பின் தோகை அன்றைக்குத் தீவைக் காக்க வந்தது. காப்பாளர்கள் ஃபோடி உள்ளிட்ட அரிய பறவைகளில் சிலவற்றையும் நாற்றங்கால் கன்றுகளையும் முன்னெச்சரிக்கையாகப் பெரிய தீவுக்கு மாற்றினார்கள். இனம் பிழைத்தது. ஆனால் ஒரு சின்ன இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

நம்ம பச்சைக்கிளியும் நம்ம கீரியும்

முதலில் சொன்னேனே, நமக்கும் பங்கு இருக்கிறது என்று. இதோ வந்துவிட்டேன்.

மொரீசியஸுக்கே உரிய எக்கோ கிளி 1980-களில் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்திருந்தது. அதுவும் இதே வகை உழைப்பால் இன்று எழுநூறைத் தாண்டியிருக்கிறது. ஆனால் மரப்பொந்துக்கு அதோடு சண்டை போடுவது யார் தெரியுமா? நம்ம ஜோசியக்காரர் கூண்டில் பார்த்துப் பழகிய பச்சைக்கிளி! யாரோ ஆசைக்குக் கொண்டுபோன கிளி தப்பித்து, அங்கே பெருகிவிட்டது. கிளிகளின் அலகும் இறகும் சிதையும் நோயைச் சுமந்து பரப்புவதும் அதுதான். நம்ம மைனாவும் அங்கே பொந்து பிடிக்கிறது. எலியைப் பிடிக்கட்டும் என்று 1900-ஐ ஒட்டி இந்தியாவிலிருந்து கொண்டுபோன கீரி, எலியோடு நிற்காமல் வல்லூறுக் குஞ்சையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இங்கே பச்சைக்கிளியும் தப்பில்லை, கீரியும் தப்பில்லை. நம்ம தோப்பில் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இடம் மாற்றிய கைதான் தப்பு. அந்தக் கை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடும் செய்யவில்லை. "பாவம், போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்" என்று திறந்துவிட்டிருக்கலாம்.

அதே வேலையை இன்றைக்கு நாமும் செய்கிறோம். தொட்டி பெரிதாகிவிட்டது என்று டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடுகிறோம். சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறோம். ஒரு ஏரியும் அதிலுள்ள மீனுக்கு ஒரு தீவுதான். தப்பிப்போக அதற்கும் வேறு இடம் கிடையாது.

ஆகவே, நீங்க செய்யக்கூடியவை சில.

முதலாவது, வாங்கி வளர்த்த எந்த உயிரையும் ஏரியிலோ காட்டிலோ வெளியிலோ விடாதீங்க. வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கின கடையிலோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ, கால்நடை மருத்துவரிடமோ கேளுங்க.

இரண்டாவது, பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் குற்றம். யாராவது விற்றால் வாங்கிக் காப்பாற்றுகிறேன் என்று காசு கொடுக்காதீங்க. இன்னொரு கிளியைப் பிடிக்க அதுவே முதலீடாகிவிடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க.

மூன்றாவது, மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி, பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால், 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீங்க. மொரீசியஸுக்குப் போன முதல் பச்சைக்கிளியை யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை.

நான்காவது, இறக்கை முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் உடனே தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. பெரும்பாலும் தாய்ப்பறவை பக்கத்திலேயே இருக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு விலகி நின்றாலே போதும்.

ஐந்தாவது, உங்க போனை இதற்கும் பயன்படுத்துங்க. இ-பேர்ட் செயலியில் உங்க தெருவில் பார்த்த பறவையைப் பதிவு செய்யலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிஷம் கொடுத்தால் போதும். காக்கா, மைனாதானே என்று விடாதீங்க. குறைகிறது என்று தெரிய வேண்டுமானால், நிறைய இருக்கும்போதே எண்ணி வைத்திருக்க வேண்டும். நாலு மட்டும் மிச்சமிருக்கும்போது எண்ணுவது சுலபம், ஆனால் அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

மொரீசியஸில் இன்றைக்குக் காலையிலும் யாரோ ஒருவர் காட்டுக்குள் நடந்துபோய்ப் புறாவுக்குக் கோதுமை வைத்திருப்பார். நாளைக்கும் வைப்பார். 1970-களில் தொடங்கிய வேலை, அதைத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முடியப்போவதில்லை. ஒரு இனத்தைக் கடைசி நிமிஷத்தில் மீட்பது என்றால் இவ்வளவு. அந்த நிமிஷம் வராமல் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு இதில் கால்வாசிகூட இருக்காது. அது நம்ம ஒவ்வொருத்தர் கையிலும் இருக்கிறது.